நாற்பத்து மூன்று அங்குலத் திரை

ஜெசிந்தாவின் வாழ்க்கையை ஆண்டுக் கணக்கில் சொல்வதைவிட அங்குலக் கணக்கில் சொல்லிவிடலாம். கட்டட வரைபடம் வரையும் வேலையில் தாளை விட்டுக் கணினிக்கு மாறியபோது அவளுக்குக் கிடைத்தது பதினான்கு அங்குலத் திரை. முகம் சின்னது, முதுகு பெரியது. மேசையில் பாதியை அதுவே தின்றுவிடும். பஸ் ஓட்டும் சிலுவைராஜை அவள் கல்யாணம் செய்துகொண்டது பதினேழு அங்குலக் காலத்தில். மகள் கேட்லின் பள்ளிக்குப் போகத் தொடங்கியது பத்தொன்பது அங்குலக் காலத்தில். கொவிட் வந்து எல்லாரையும் வீட்டுக்குள் தள்ளியபோது அலுவலகம் கொடுத்தனுப்பியது இருபத்து நான்கு அங்குலம். அன்றிலிருந்து தேக்கா சந்தைக்குப் பக்கத்தில், பஃபலோ ரோட்டு அடுக்குமாடி வீட்டின் கூடமே அவளுக்கு அலுவலகம். ஐம்பத்தேழு வயதாகிறது, ஓய்வுவரை இந்தத் திரையோடு காலத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள்.

அவள் வரைவது குழாய்கள். நல்ல தண்ணீர் எந்தச் சுவருக்குள் ஏறி வர வேண்டும், குளியலறைக் கழிவு எந்தத் தரைக்கு அடியில் இறங்கிப் போக வேண்டும் என்பதெல்லாம் அவள் கோடு. வரைந்து அனுப்பினால் எஞ்சினியர்கள் பார்த்துவிட்டு, திருத்த வேண்டிய இடங்களைச் சுற்றிச் சிவப்பில் நெளிநெளியாக ஒரு வளையம் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அந்தத் தொழிலில் அதற்குக் கிளவுட் என்று பெயர். ஒவ்வொரு கிளவுடையும் தேடிப் பிடித்துத் திருத்திவிட்டு மறுபடி அனுப்ப வேண்டும். முப்பது ஆண்டுக்கும் மேலாக அவள் கையைத் தாண்டி ஒரு கிளவுட் போனதில்லை. இதை அவளே சொல்ல மாட்டாள். அலுவலகத்தில் சொல்வார்கள்.

காத்தோங்கில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு கொண்டோ, தனியார் அடுக்குமாடி, வேலையில்தான் முதல் கிளவுட் தப்பியது. மேலாளர் முகம்மது யூசுப் போன் செய்தான். அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"அக்கா, ரைட் சைட் ஓரத்துல ஒரு கிளவுட் இருந்துச்சே, பாக்கலையா?"

"எந்த கிளவுட்?"

"என்னக்கா, பஸ் டயர் சைஸுக்குப் போட்டிருக்காங்க. இத மிஸ் பண்ணிட்டிங்களே லா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். படத்தைத் திறந்து வலப்பக்கம் நகர்த்தினாள். சிவப்பாக, கொழுகொழுவென்று அங்கேயே உட்கார்ந்திருந்தது. அதை அவள் பார்க்கவேயில்லை. பார்த்து மறந்ததும் இல்லை, கவனமில்லாமல் விட்டதும் இல்லை. அந்த இடத்தில் வெறும் வெள்ளை இருந்ததாகத்தான் அவள் கண் சொன்னது.

அடுத்த மாதம் இன்னொன்று தப்பியது, அப்புறம் இரண்டு. யூசுப்பின் சிரிப்பு மெல்லக் காணாமல் போனது.

ஜெசிந்தாவுக்கு என்ன பயம் என்று கேட்டால் உடனே சொல்லிவிடலாம். அவளுடைய அப்பா சவரிநாதன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கடைசிக் காலத்தில் சுவரைத் தடவித் தடவித்தான் கழிப்பறைக்குப் போனார். கண்ணில் அழுத்தம் என்றார்கள். பிள்ளைகளும் ஒரு தடவை பரிசோதித்துக்கொள்வது நல்லது என்று டாக்டர் சொன்னதை அவள் அந்த நிமிடமே காதில் வாங்கி அந்த நிமிடமே தொலைத்துவிட்டாள். இப்போது அது எங்கிருந்தோ கிளம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகத் துணிவில்லை. கண்ணாடிக் கடைக்குப் போனாள். எழுத்துப் பலகையில் கடைசி வரியிலிருந்த கடுகளவு எழுத்துவரை கடகடவென்று படித்தாள். கடைக்காரர், "ஆண்டி, உங்க கண்ணு சூப்பர்," என்றார்.

அவ்வளவுதான், ஜெசிந்தா வழக்கைத் தீர்த்துவிட்டாள். கண் சரி. கண் சரியென்றால் கோளாறு திரையில். திரை சின்னது, படம் பெரியது. அதனால்தான் ஓரத்தில் இருப்பது நழுவுகிறது. நமக்குப் பிடித்த பதில் கையில் கிடைத்துவிட்டால் அதற்கு மேல் யார் விசாரிக்கிறார்கள்?

அடுத்த சனிக்கிழமையே கேட்லினை இழுத்துக்கொண்டு சிம் லிம் சதுக்கத்துக்குப் போனாள். மாடி மாடியாகத் திரைகள். வளைந்தது, நீண்டது, விளையாட்டுக்காரர்களுக்கு என்று வண்ண விளக்கு வைத்தது. கடைப் பையன் முதலில் கேட்டதே நல்ல கேள்விதான்: எவ்வளவு தூரத்தில் உட்காருவீர்கள்? ஜெசிந்தா கையை நீட்டிக் காட்டினாள். அப்படியென்றால் இருபத்தேழு போதும், அதற்கு மேல் போனால் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும் என்றான்.

"அதெல்லாம் பரவால்ல. அதைவிடப் பெருசு என்ன இருக்கு?" என்றாள் ஜெசிந்தா.

முப்பத்திரண்டு அங்குலம் வீட்டுக்கு வந்தது. இருபத்து நான்கை இடப்பக்கம் வைத்து அதில் கிளவுட் போட்ட படம், முப்பத்திரண்டை நடுவில் வைத்து அதில் திருத்த வேண்டிய படம் என்று கேட்லின் ஏற்பாடு செய்தாள். கேட்க எளிதாக இருக்கிறது. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் மௌஸ் அம்பு பாதி வழியில் கண்ணுக்குத் தெரியாத சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. இதில் கோடு தடிமனாகத் தெரிந்தால் அதில் மயிரிழையாகத் தெரிந்தது. கேட்லின் அம்பைப் பெரிதாக்கினாள், பிறகு இன்னும் பெரிதாக்கினாள், அதற்கு மஞ்சள் நிறமும் கொடுத்தாள். அப்படியும் அம்மா மௌஸை உதறி உதறி, "எங்க போச்சு, எங்க போச்சு," என்று தேடிக்கொண்டிருந்தாள்.

"ம்மா, அங்கேதான் இருக்கு, ரைட் கார்னர்ல. திஸ் இஸ் சோ பிக், எப்படி தெரியாம இருக்கும்?"

"வெளிச்சம் கண்ணைக் கூசுதுடி."

அதுவும் பொய். சொல்லிவிட்டு அவளே அதை நம்பிக்கொண்டாள்.

முப்பத்திரண்டில் தப்புகள் குறையவில்லை, பெருகின. அது அவளுக்குப் புரியவேயில்லை. திரை பெரிதாகப் பெரிதாக ஓரம் இன்னும் தள்ளிப் போகிறது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆளில்லை. அவளும் ஒருவரையும் உட்காரவிடவில்லை. சிலுவைராஜ் வேலை முடிந்து வந்து கோப்பியோடு பின்னால் நின்றால்கூட, "நீங்க நின்னா எனக்கு வேலை ஓடாது, போங்க," என்று விரட்டினாள். கருவிப்பட்டைகளையெல்லாம் இழுத்து நடுவில் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு படத்தையும் நான்கு மூலைக்கும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். ஒரு மணி நேர வேலை அரை நாள் ஆனது. பாத்திரம் கழுவும்போது காரணமில்லாமல் கண்ணீர் வந்தது. காரணம் இருந்தது, அதை அவள் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.

அந்த நாட்களில்தான் பிலோமினாவோடும் மனக்கசப்பு வந்தது. பிலோமினா அதே மாடியில் நான்கு வீடு தள்ளி இருப்பவள், வயதில் மூத்தவள். ஓபிர் ரோட்டு லூர்து மாதா கோவிலுக்கு இரண்டு குடும்பமும் ஒன்றாகப் போய் வந்த பழக்கம். ஆகஸ்டில் அவளுடைய கணவர் இருதயராஜ் மாரடைப்பில் போய்விட்டார். அடக்கத்துக்கு ஜெசிந்தா கூடவே இருந்து எல்லாம் செய்தாள். ஆனால் அதற்குப் பிறகு ஒருநாள் லிஃப்ட் வாசலில் பிலோமினா பக்கத்தில் நின்று, "ஜெசி," என்று கை நீட்டியிருக்கிறாள். பக்கத்து லிஃப்டில் சலவை இயந்திரம் ஏற்றிக்கொண்டிருந்த ஆட்களின் சத்தம் வேறு. ஜெசிந்தா நேரே பார்த்தபடி விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். இன்னொரு நாள் தேக்கா மீன்கடையிலும் அதே கதை. பிலோமினா கோவிலில் நாலு பேரிடம் சொன்னாள்: புருஷன் இருந்தவரைக்கும் அக்கா அக்கான்னு சுத்தினா, இப்ப தாலியில்லாதவ முகத்துல முழிக்கப் பிடிக்கல போலிருக்கு. அது சுற்றி வந்து ஜெசிந்தாவின் காதில் விழுந்தது. அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. நான் எப்போது அவளைப் பார்த்தும் பார்க்காமல் போனேன்? அபாண்டம்.

இதற்கு நடுவில் யூசுப் கடைசியாக ஒரு போன் செய்தான். இந்தத் தடவை அக்கா என்று ஆரம்பிக்கவே அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அக்கா, காத்தோங் சைட்ல ஸ்லாப் ஊத்திட்டாங்க. பாத்ரூம்ல ஒரு ஃப்ளோர் ட்ராப் மிஸ்ஸிங். உடைச்சுத்தான் வைக்கணும். படத்துல லாஸ்ட் ரிவிஷன் நீங்கதான்."

அவள் படத்தைத் திறந்து, ஓரத்தில் தன் பேர் இருக்கும் கட்டத்துக்கு நகர்த்தினாள்.

"டிசம்பர்ல உங்க காண்ட்ராக்ட் ரினியூ பண்ணணும். மேல கேக்குறாங்க. நான் என்ன சொல்லட்டும்? ஏதாச்சும் பிராப்ளமா? இருந்தா சொல்லுங்கக்கா."

"ஒண்ணுமில்ல யூசுப். ஸ்க்ரீன் பத்தல. மாத்திடறேன்."

ஒரு குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்க வழி வைக்காமல் விட்டவள் என்று பேர் வாங்கியாகிவிட்டது. போனை வைத்தாள். கண் போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக முழுசாக நினைத்தாள். நினைத்ததும் எழுந்து போய் நாற்பத்து மூன்று அங்குலத் திரையைத் தேட ஆரம்பித்தாள்.

தோ பாயோவில் ஒருவர் வீடு மாறுகிறார் என்று விற்றார். சிலுவைராஜும் கேட்லினும் போய்த் தூக்கி வந்தார்கள். மேசை அகலத்தை அது முழுசாக எடுத்துக்கொண்டது. ஆழம் போதாததால் பாதம் மேசை விளிம்புக்கு வந்து, திரை அவள் மூக்குக்கு நேராக நின்றது. இரும்புத் தாங்கி ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டிப் பார்த்தார்கள். கனம் தாங்காமல் தலை கவிழ்ந்தது, திருகாணியை இறுக்கி நிமிர்த்தினார்கள். நிமிர்ந்ததும் மேலே சுவரில் மாட்டியிருந்த திருஇருதய ஆண்டவர் படத்தில் அது இடித்தது. சிலுவைராஜ் படத்தைக் கழற்றி இரண்டு சாண் மேலே ஆணி அடித்து மாட்டினார்.

"ஆண்டவரே மேல ஏறிட்டாரு. அடுத்தது அம்பது வாங்குனா மேல் வீட்டுக்குத்தான் போகணும்," என்றார்.

கேட்லின் சிரித்தாள். ஜெசிந்தா திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். வெளிச்சம் முகத்தில் கொட்டியது. நடுவில் இருந்த குழாய்கள் பளிச்சென்று இருந்தன. எல்லாம் தெரிகிறது, எல்லாம் தெரிகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நவம்பர் மரித்தோர் மாதம். அந்த மாதத்தில் அக்கம்பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒவ்வொரு வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்வார்கள். முடிவில் அந்தந்தக் குடும்பத்தில் இறந்தவர்களின் பேரை வீட்டுக்காரி ஒவ்வொன்றாகச் சொல்லி ஒரு மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். கூடியிருப்பவர்கள் அவருக்காக ஒரு வரி சொல்வார்கள். பேர் விட்டுப்போவது என்பது நடக்கக் கூடாத காரியம். அந்த ஒரு மாதம் அந்த ஒரு பேருக்காகத்தான் பலர் வருவதே. இந்த ஆண்டு இரண்டாம் வாரம் ஜெசிந்தா வீடு.

கேட்லினுக்கு யோசனை வந்தது. இவ்வளவு பெரிய திரை சும்மா இருக்கிறதே, எல்லாருடைய போட்டோவையும் அதில் போட்டுவிடலாம். அம்மா முகத்தைப் பார்த்துப் பேரைச் சொன்னால் போதும். வாட்ஸ்அப்பில் எல்லாரிடமும் படம் வாங்கி, வரிசை வரிசையாகத் திரை முழுக்க அடுக்கினாள். யார் முதல், யார் கடைசி என்று வம்பு வரக் கூடாது என்பதற்காக வயதையோ உறவையோ பார்க்காமல் கலந்து போட்டாள்.

மாலையில் கூடம் நிறைந்துவிட்டது. கறிபாப் பலகாரத் தட்டும் கோப்பிக் குவளைகளும் சமையலறையில் தயாராக இருந்தன. பிலோமினாவும் வந்தாள். ஜெசிந்தாவிடம் பேசவில்லை. வந்தது இருதயராஜுக்காக, அது எல்லாருக்கும் தெரியும். கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

செபமாலை முடிந்தது. ஜெசிந்தா மேசைக்குப் பக்கத்தில், திரையைத் தொட்டுக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பேர் சொன்னாள், வத்தி ஏற்றினாள். கூட்டம் பதில் சொன்னது. குரல் நடுங்காமல் நன்றாகவே சொன்னாள். அப்பாவின் படம் இப்போது வரும், இப்போது வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டே போனாள். வரவில்லை. கேட்லின் போட மறந்துவிட்டாள் போலிருக்கிறது, கழுதை, அப்பாவுக்கு எல்லாரும் போன பிறகு தனியாக ஒரு வத்தி ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். கண்ணுக்கு எட்டிய முகங்கள் முடிந்ததும் சிலுவை அடையாளம் போட்டு, முடிவுச் செபத்தை ஆரம்பித்தாள்.

யாரும் கூடச் சொல்லவில்லை. அவள் குரல் மட்டும் தனியாகக் கொஞ்ச தூரம் போய் நின்றது.

பிலோமினா எழுந்துவிட்டாள்.

"என் புருஷன் பேரைச் சொல்ல உனக்கு வாய் வரலையா ஜெசிந்தா?"

"அக்கா, படம் இருந்தா சொல்ல மாட்டேனா? படத்த நீங்க அனுப்பவே இல்லையே…"

"அனுப்பலையா? உன் கைகிட்டதானே இருக்காரு! வத்திய வச்சிருக்கிற கைக்கு மேலேதானே இருக்காரு! என்கூடப் பேச வேணாம். செத்த மனுஷன் உனக்கு என்னடி செஞ்சாரு?"

ஜெசிந்தா முகத்தைத் திருப்பினாள். திரையின் வலது கீழ் மூலையில் இருதயராஜ் கோவில் திருவிழாச் சட்டையோடு சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு கணத்துக்கு முன்னால் அங்கே ஒன்றுமே இல்லை. சத்தியமாக ஒன்றுமே இல்லை.

எல்லாரும் பிலோமினாவைச் சமாதானப்படுத்த எழுந்தார்கள். சிலுவைராஜ் மட்டும் எழவில்லை. அவர் மனைவியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"ஜெசி, மாமாவையும் நீ சொல்லலியே."

"படம் போடல அவ."

"போட்டிருக்கேன்மா," என்றாள் கேட்லின். அவள் குரல் குழந்தைக் குரலாக மாறியிருந்தது. "டாப் லெஃப்ட். தாத்தா தொப்பி போட்ட போட்டோ."

ஜெசிந்தா தலையைத் தூக்கி இடப்பக்கம் திருப்பினாள். துறைமுகத் தொப்பியோடு சவரிநாதன் இருந்தார். அவ்வளவு நேரமும் அங்கேயேதான் இருந்திருக்கிறார்.

சிலுவைராஜ் எழுந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றார். இருபத்தெட்டு ஆண்டாகத் தினமும் பஸ்ஸை எடுக்குமுன் பக்கக் கண்ணாடிகளைச் சரிபார்க்கிற மனிதர் அவர். எந்த மூலையில் நிற்கும் சைக்கிள்காரன் டிரைவருக்குத் தெரிய மாட்டான் என்று அவருக்கு அத்துப்படி. வீட்டில் நிற்பவளை மட்டும் பார்க்கவில்லை. அதை நினைத்து அவர் பிற்பாடு பலநாள் தலையில் அடித்துக்கொண்டார்.

"நேரா பாரு. கண்ண அசைக்காத. என் கை எப்பத் தெரியுதோ அப்பச் சொல்லு."

அவளுடைய காதுக்குப் பின்னாலிருந்து கையை முன்னால் கொண்டுவந்தார். காதைத் தாண்டியது, கன்னத்தைத் தாண்டியது. விரல்களை ஆட்டிக்கொண்டே வந்தார். கை ஏறக்குறைய மூக்குக்கு முன்னால் வந்த பிறகுதான், "ஆங்," என்றாள்.

மற்றப் பக்கமும் அப்படியே.

"எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"தெரியலங்க." அப்புறம் அவளுக்கு உடைந்தது. அத்தனை பேருக்கு முன்னால், மெழுகுவத்திகளுக்கு முன்னால், அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து அழுதாள். "எனக்குத் தெரியல. தெரியலங்கிறதே எனக்குத் தெரியல. நான் அப்பா மாதிரி ஆயிடுவேன். நான் அப்பா மாதிரி ஆயிடுவேங்க."

பிலோமினா முக்காட்டைப் பிடித்தபடி நின்றாள். "அன்னிக்கு லிஃப்டுகிட்ட…" என்று ஆரம்பித்தாள்.

"நீங்க நின்னதே எனக்குத் தெரியாதுக்கா."

பிலோமினா வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அணைத்துக்கொள்ளவெல்லாம் இல்லை. பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். ஜெசிந்தா முகத்தை நன்றாகத் திருப்பிவைத்துக்கொண்டு இருதயராஜின் பேரைச் சொன்னாள். வத்தியைப் பிலோமினாவே ஏற்றினாள். அப்பாவின் பேர் வந்தபோது ஜெசிந்தா கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கேட்லின்தான் சொல்லி முடித்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே அங்கங்கே ஒரு புள்ளி வெளிச்சம் மின்னும், தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். ஜெசிந்தா பொத்தானை இறுகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நெடுநேரம் ஒன்றும் மின்னவில்லை. இயந்திரம் பழுதா என்று கேட்கலாமா என்று யோசித்தாள். அப்புறம் கேட்கவில்லை.

டாக்டர் இளம்பெண். ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும் கண் அழுத்த நோய் இது என்றார். நடுப்பார்வை கடைசிவரை நன்றாக இருக்கும், அதனால்தான் எழுத்துப் பலகையை ஏமாற்றிவிட்டது. போன இடத்தில் கறுப்பாக எதுவும் தெரியாது. மூளை அந்த இடத்தை அக்கம்பக்கத்து நிறத்தால் பூசிவிடும். போனது திரும்பாது. மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றப் பார்க்கலாம். எவ்வளவு நாள் என்று இப்போது சொல்ல முடியாது.

"பெரிய ஸ்க்ரீன் வாங்கினேன்," என்றாள் ஜெசிந்தா.

டாக்டர் சொன்னார். உங்களுக்குப் பெரியது ஆகாது. சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல வைத்துக்கொள்ளுங்கள். அதில் அடங்க வேண்டுமென்றால் சின்னதாக இருக்க வேண்டும், தள்ளி இருக்க வேண்டும்.

யூசுப்பிடம் அவளே போன் செய்து சொன்னாள். "ஏன்க்கா முன்னாடியே சொல்லல?" என்றான். பிறகு, டிசம்பர்வரை சின்னச் சின்ன விவர வரைபடங்கள் மட்டும் தருவதாகவும், அதற்குப் பிறகு தன்னால் வாக்குக் கொடுக்க முடியாதென்றும் சொன்னான். பொய்யாக ஆறுதல் சொல்லவில்லை. அதற்காக அவனைக் குறை சொல்ல முடியாது.

அன்று சாயங்காலம் சிலுவைராஜ் நாற்பத்து மூன்றைக் கழற்றிச் சுவரோரம் திருப்பிச் சாத்தினார். முப்பத்திரண்டும் இருபத்து நான்கும் அதன் மேல் சாய்ந்தன. கேட்லின் சாமான் அறைக்குள் புகுந்து, பழைய சைக்கிளுக்கும் கிறிஸ்துமஸ் மரத்துக்கும் பின்னாலிருந்து, அலுவலகம் கழித்தபோது வீட்டுக்கு வந்த பத்தொன்பது அங்குலத் திரையை இழுத்து வந்தாள். அவள் பள்ளிக்கூட நாளில் ஒட்டிய பூனைக்குட்டி ஸ்டிக்கர் அதன் ஓரத்தில் இன்னும் இருந்தது. துடைத்து மேசையில் வைத்தபோது அவ்வளவு பெரிய மேசையில் அது அநாதை மாதிரி இருந்தது. சுவரில் ஆண்டவர் எதற்கோ எட்டாத உயரத்தில் தொங்கினார்.

கம்பி பொருந்தவில்லை. அதற்கு ஒரு மாற்றுச் செருகியைத் தேடிக் கண்டுபிடித்துக் கேட்லின் மாட்டினாள். ஒரு குளியலறைப் படம் வந்தது. ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். இரண்டு பக்கச் சுவரும் இல்லை.

"கொஞ்சம் தள்ளி உட்காந்து பாருங்கம்மா."

நாற்காலியைப் பின்னால் இழுத்தாள். ஒரு சுவர் வந்தது. இன்னும் இழுத்தாள். இன்னொரு சுவர். இன்னும் இழுத்து, இழுத்து, கூடத்தைத் தாண்டிச் சமையலறை வாசல்படியில் முதுகு இடித்தபோதுதான் படம் நான்கு மூலையோடும் அவள் கண்ணுக்குள் அடங்கியது. முழுப் படம். எவ்வளவு மாதமாயிற்று ஒரு படத்தை முழுசாகப் பார்த்து!

ஆனால் எழுத்து ஒன்றும் தெரியவில்லை. அளவு எண்கள் எறும்பாகக்கூட இல்லை. படிக்கும் தூரத்தில் உட்கார்ந்தால் படம் இல்லை. படம் தெரியும் தூரத்தில் உட்கார்ந்தால் படிக்க முடியாது. இனி இதற்கு நடுவில் நாற்காலியை வைக்க ஓர் இடம் கிடையாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவளுக்கு அப்பாவின் நாற்காலி ஞாபகம் வந்தது. அப்பா சுவரைத் தடவ ஆரம்பிப்பதற்கு ரொம்ப நாள் முன்னால், வீட்டில் எல்லாரும் டிவி பார்க்கும் நேரத்தில், அவர் தன் பிரம்பு நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டே போவார். கடைசியில் சமையலறை வாசலில் போய் உட்காருவார். அம்மாவுக்கு ஆத்திரமாக வரும். "எங்க மூஞ்சியப் பாக்கவே உங்களுக்குப் பிடிக்கலயா? அங்க போய் ஏன் ஒதுங்குறீங்க?" என்று கத்துவாள். அப்பா பதிலே சொல்ல மாட்டார். கிழவருக்கு வீம்பு என்று ஜெசிந்தாவும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். பிற்பாடு கண் போனது தெரிந்தும், அந்த நாற்காலியைப் பற்றி மட்டும் அவர் சாகும்வரை அந்த வீட்டில் எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள்.

அவள் இருந்த இடத்திலிருந்து கூடம் முழுவதும் தெரிந்தது. மேசைக்கு அடியில் குனிந்து கம்பியைச் சுருட்டும் கேட்லின். ஆண்டவர் படத்தைப் பழைய ஆணிக்கு இறக்கலாமா என்று பார்த்துக்கொண்டு நிற்கும் சிலுவைராஜ். இரண்டு பேரும் ஒரே பார்வைக்குள் இருந்தார்கள்.

"என்ன ஜெசி, அவ்வளவு தூரம் போயிட்ட? கிட்ட வா," என்றார் சிலுவைராஜ்.

"இருங்க," என்றாள். "இங்கேருந்துதான் எல்லாரும் தெரியறீங்க."

அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பேரை, "அப்பா… சவரிநாதன்," என்று தனக்கு மட்டும் கேட்கிறபடி சொன்னாள்.